மிலான் மாநகரில் ஒருநாள்

இத்தாலி தேசத்தின் வடபாகத்திலே, அல்ப்ஸ் மலைத்தொடருக்கும் போ நதிக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்திருப்பது மிலான் மாநகரம். உரோமாபுரிக்குப் பழமைச் சிறப்பு உண்டு. புளோரன்சுக்குச் சித்திரச் சிறப்பு உண்டு. வெனிசு நகரோ நீர்மேல் நிற்கும் விந்தையாற் பேர்பெற்றது. மிலான் பேர்பெற்றது உடையினால். பதினாறாம் நூற்றாண்டிலேயே இந்நகரத்துத் தொப்பியும் நாடாவும் கையுறையும் இங்கிலாந்துக்குச் சென்று விலைப்பட்டன. மாதர் அணியும் தொப்பி செய்து விற்பவரை ஆங்கிலேயர் 'மிலினர்' என்கிறார்களே, அச்சொல் மிலான்காரர் என்பதிலிருந்து பிறந்ததுதான்.

இந்நகரத்துக்குத் தூரதேசங்களிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் செல்வரைப் பற்றிப் பத்திரிகைகள் நிரம்ப எழுதுகின்றன. அயலூர்களிலிருந்து காலைப் புகையிரதத்தில் வந்து மாலைப் புகையிரதத்தில் திரும்பும் சாதாரண குடும்பங்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. பேர்கமோ என்னும் ஊர் மிலானுக்கு வடகிழக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. அவ்வூர்க் குடும்பமொன்று சனிக்கிழமை ஒன்றில் மிலானுக்குப் புறப்படுகிறதென்று வைத்துக்கொள்வோம். தந்தை எழுதுவினைஞர்; தாய் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. மகளுக்குப் பதினைந்து வயது, மகனுக்கு ஒன்பது. உடன் வருபவர் தாயைப் பெற்ற அம்மம்மா. பேர்கமோப் பக்கம் நெசவுக்கும் தையலுக்கும் நெடுங்காலமாகப் பெயர்போன பிரதேசம். முப்பது ஆண்டுக்கு மேலாகத் தையற்சாலையிலே குனிந்திருந்து உழைத்த முதுகு அம்மம்மாவினுடையது.

மாதம் ஜனவரி. இத்தாலியிலே ஆண்டுக்கு இருமுறை, குளிர்கால இறுதிக்கும் கோடைகால இறுதிக்குமாக, மலிவு விற்பனைக் காலம் உண்டு. அது கடைக்காரர் தம் விருப்பப்படி வைத்துக்கொள்வதன்று. அரசாங்க விதிகளுக்கு அமைந்தது. பழைய விலை, கழிக்கப்பட்ட வீதம், கொடுக்கவேண்டிய விலை ஆகிய மூன்றையும் பொருளின்மேல் எழுதித் தொங்கவிட வேண்டும் என்பது சட்டம். தாயின் கைப்பையிலே இந்த ஒருநாளுக்கென்று சேர்த்துவைத்த 300 யூரோ இருக்கிறது. மகளுக்குக் குளிருக்கு ஏற்ற மேலங்கி ஒன்று, மகனுக்குச் சப்பாத்து ஒருசோடி வாங்க வேண்டும். மகளின் மனத்திலே இருப்பது வேறு. புகழ்பெற்ற நிறுவனமொன்றின் கைப்பையைச் சிநேகிதி ஒருத்தி பாடசாலைக்குக் கொண்டுவந்த நாள்முதல் அவளுக்கு நித்திரையில்லை.

எட்டு மணியளவில் புகையிரதம் மிலான் மத்திய நிலையத்தை அடைகிறது. 1931ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்நிலையம், முசோலினி ஆட்சிக்காலத்துப் பகட்டுக்கு நல்லதோர் அத்தாட்சி. 72 மீற்றர் அகலமான இரும்பு வளைவு தண்டவாளங்களைக் கவிந்து நிற்கிறது. வெளியே வந்தால் கற்சிங்கங்களும் சிறகுள்ள குதிரைகளும் எதிர்ப்படுகின்றன. ஒன்பது வயதுப் பையனுக்கு இஃது அரண்மனையா புகையிரத நிலையமா என்ற ஐயம் எழுந்தால் அவனைக் குறைசொல்வதற்கில்லை.

இத்துணைப் பகட்டுக்கும் அடியிலே, தபாற் பெட்டிகளை ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட இருட்டுத்தளம் ஒன்றுண்டு. 1944ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் தேதி, அறுநூறுக்கு மேற்பட்ட யூத மக்கள் அத்தளத்திலே சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, உயர்த்தும் பொறியினால் மேலே ஏற்றப்பட்டு, அவுஷ்விற்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருத்தி பதின்மூன்று வயதுச் சிறுமியான லிலியானா செக்ரே. மீண்டுவந்த மிகச் சிலருள் ஒருவரான அவர், 2018ஆம் ஆண்டு இத்தாலியின் ஆயுட்கால மேற்சபை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். இன்று அத்தளம் நினைவாலயமாக விளங்குகிறது. அதன் வாயிற்சுவரிலே பெரிய எழுத்துகளில் ஒரேயொரு சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. 'அலட்சியம்' என்பது அதன் பொருள். அச்சொல்லைத் தெரிந்தவர் செக்ரே அம்மையாரே. ஒருநாட் பயணிகளிற் பெரும்பாலோர் இவ்விடத்தைக் கடந்து கடைத்தெருவுக்கு விரைகின்றனர். நமது குடும்பமும் அன்று உள்ளே நுழையவில்லை. தந்தை வழியில் நின்று அதன் கதையைச் சொன்னதோடு சரி.

நிலையத்தின் கீழிருந்து சுரங்கப் புகையிரதம் புறப்படுகிறது. மிலானின் முதலாவது சுரங்கப்பாதை 1964ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நாலாவது தரிப்பில் இறங்கிப் படியேறினால், கண்முன்னே வெண்சலவைக்கல் மலையொன்று எழுந்து நிற்கும். அதுவே மிலான் பேராலயம்.

1386ஆம் ஆண்டு இவ்வாலயத்தின் கட்டட வேலை தொடங்கியது. அப்போது மிலானை ஆண்டவர் ஜான் கலயாற்சோ விஸ்கொந்தி. கல்லுக்கு எங்கே போவது? வடக்கே மலைப்பள்ளத்தாக்கிலுள்ள கந்தோலியா என்னும் ஊரின் கல்லகழிடத்தை ஆலயத் திருப்பணிக்கென்றே அவர் ஒதுக்கிக் கொடுத்தார். அங்கு வெட்டிய கல் தோணியேறி ஆற்றுவழி வந்து, மஜ்ஜோரே ஏரியைக் கடந்து, தீச்சினோ ஆற்றில் இறங்கி, வெட்டுவாய்க்கால் வழியாக நகருக்குள் வந்துசேர்ந்தது. திருப்பணிக் கல்லுக்கு வழியிலே சுங்கம் இல்லை. அடையாளமாக, 'திருப்பணி உபயோகத்துக்கு' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளான ஏ, யூ, எவ் என்னும் மூன்றும் கல்லிற் பொறிக்கப்பட்டன. காசு கொடாமல் ஒன்றை அனுபவிப்பவனை இத்தாலியர் 'ஊபோவாக வாழ்கிறான்' என்று இன்றும் பரிகசிக்கின்றனர். அவ்வழக்கு இக்கல்லெழுத்திலிருந்து வந்தது என்பது மிலான் மக்களின் விளக்கம்.

வேலை முடிந்ததா என்றால், அதற்கும் ஒரு பழமொழி இருக்கிறது. முடிவேயில்லாத காரியத்தைப் 'பேராலயத் திருப்பணிபோல் நீண்டது' என்பர். நெப்போலியன் 1805ஆம் ஆண்டு இவ்வாலயத்தில் இத்தாலிக்கு அரசனாக முடிசூடிய காலத்திலேதான் முகப்பு வேலை விரைவுபெற்றது. கடைசி வெண்கலக் கதவு பூட்டப்பட்டது 1965ஆம் ஆண்டில். ஆறு நூற்றாண்டுக்குச் சற்றே குறைவு! கற்கள் தேயத் தேய அதே கந்தோலியாவிலிருந்து புதுக்கல் வெட்டி மாற்றுகின்ற வேலை இன்றும் ஓயவில்லை.

அரசர் கொடுத்தது ஒருபுறமிருக்க, இவ்வாலயத்துக்குச் சாதாரண மக்கள் கொடுத்தது கொஞ்சமன்று. திருப்பணிச் சபையின் பழைய கணக்கேடுகளில் பொத்தானும் மோதிரமும் கோழியும் திராட்சரசமும் காணிக்கையாகப் பதியப்பட்டன என்பர். அவற்றுள் ஒரு கதையை மிலான் மக்கள் விருப்புடன் சொல்வர். ஏழை மூதாட்டி ஒருத்தி, கொடுப்பதற்கு வேறொன்றுமில்லாமையால், குளிருக்குத் தான் போர்த்தியிருந்த தேய்ந்துபோன மேலாடையைக் கழற்றிப் பீடத்தில் வைத்துவிட்டாள். அதனைக் கண்ட ஒருவர் அம்மேலாடையைக் காசுகொடுத்து ஆலயத்திடமிருந்து வாங்கி, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ஆலயத்துக்குக் காசு சேர்ந்தது. கிழவிக்குக் குளிரும் தீர்ந்தது. விலையுயர்ந்த மேலங்கிகளுக்குப் பேர்போன நகரத்திலே இந்த ஒரு மேலங்கியின் கதை அறுநூறு ஆண்டு நிலைத்திருப்பது கவனிக்கத்தக்கது. அம்மம்மா இக்கதையைக் கேட்டுவிட்டு, அது ஆட்டுத்தோலா முயல்தோலா என்று விசாரித்தார். தந்தைக்கு விடை தெரியவில்லை.

ஆலயத்தின் கூரைமேல் ஏறி உலாவலாம் என்பது வேறெங்கும் எளிதிற் கிட்டாத பேறு. மின்தூக்கி உண்டு, 250க்கு மேற்பட்ட படிகளும் உண்டு. படியேறுவோர்க்குச் சீட்டு விலை குறைவு. எனவே அம்மம்மாவும் தாயும் தூக்கியில் ஏற, மற்றையோர் படியேறினர். மேலே 135 கற்சிகரங்கள் காடுபோல் நிற்கின்றன. ஆலயம் முழுவதிலும் ஏறக்குறைய 3,400 சிலைகள் உண்டு. நடுச்சிகரத்தின் உச்சியிலே, நிலத்திலிருந்து 108.5 மீற்றர் உயரத்தில், பொன்முலாம் பூசிய தேவமாதாவின் சிலை 1774ஆம் ஆண்டு முதல் நகரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்துத் தெளிந்த காலையில் வடமேற்கே மொந்தே ரோசாவின் பனிமுடியும் தென்படும். தெருவிலிருந்து பார்க்கும் எவர் கண்ணுக்கும் எட்டாத மூலைகளிலும் சிற்பிகள் இலையையும் முகத்தையும் பழுதின்றிச் செதுக்கி வைத்திருக்கின்றனர். அம்மம்மா அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஆலய முற்றத்தின் வடபுறத்திலே இருப்பது இரண்டாம் விற்றோரியோ இம்மானுவேல் மன்னரின் பெயர் தாங்கிய கண்ணாடிக் கூரைக் கடைவீதி. மிலான் மக்கள் இதனைத் தங்கள் வரவேற்பறை என்பர். 1865ஆம் ஆண்டு மன்னரே அடிக்கல் நாட்டினார். 1867ஆம் ஆண்டு வீதி திறக்கப்பட்டது. இரும்பும் கண்ணாடியுமாகச் சிலுவை வடிவில் அமைந்த இரண்டு வீதிகள் கூடுமிடத்தே 47 மீற்றர் உயரமான குவிமாடம் எழுகிறது. மின்விளக்கு வராத காலத்தில் அம்மாடத்தைச் சுற்றியிருந்த வாயு விளக்குகளை ஏற்றச் சிறு பொறிவண்டியொன்று தண்டவாளத்தில் ஓடிற்று. மிலான் வழக்கில் அதனை 'ராத்தின்', அதாவது சுண்டெலி, என்றழைத்தார்கள். அது வளைந்தோடி விளக்கேற்றும் வேடிக்கையைக் காண மாலைதோறும் கூட்டம் சேருமாம்.

இதனைத் திட்டமிட்டுக் கட்டிய சிற்பி யோசேப்பே மெங்கோனி. முற்றத்தை நோக்கிய பெருவளைவு நிறைவெய்தும் தறுவாயில், 1877ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆந் தேதி, சாரத்திலிருந்து தவறிவிழுந்து அவர் உயிர்துறந்தார். அவ்வளைவின் திறப்பு விழாவைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. இன்று அவ்வீதியில் நடப்போர் தலைநிமிர்ந்து வளைவைப் பார்ப்பதிலும், குனிந்து நிலத்தைப் பார்ப்பதே அதிகம். காரணம், மாடத்தின்கீழ் வண்ணக்கல் பதித்த தளத்திலே தூரின் நகரின் சின்னமான எருதின் உருவம் இருக்கிறது. அதன் மறைவிடத்தின்மேல் குதிகாலை ஊன்றி மும்முறை சுழன்றால் நல்வாய்ப்பு வரும் என்பது நம்பிக்கை. சுழன்று சுழன்று அவ்விடம் குழியாகிவிட, நகரசபை அடிக்கடி செப்பனிடுகிறது. பையன் ஐந்துமுறை சுழன்றான்.

கடைவீதி முழுவதும் மிலான் நகரசபைக்குச் சொந்தமானது. எந்நாட்டுக் கடையானாலும் கருநிறப் பலகையிலே பொன்னிற எழுத்தில்தான் பெயர் எழுதவேண்டும். 1913ஆம் ஆண்டு இங்கே தோற்பொருட் கடை வைத்த மாரியோ பிராடாவின் பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது. கோப்பிக் கடைகளும் உண்டு. இத்தாலியில் கோப்பி குடிப்பவர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். நின்று குடிக்கும் கோப்பிக்கு ஒரு விலை. மேசையில் அமர்ந்து குடிக்கும் அதே கோப்பிக்கு வேறு விலை. இந்தக் கண்ணாடிக் கூரையின்கீழ் அமர்ந்தால் அவ்வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. குடும்பம் நின்றே குடித்தது. அம்மம்மாவுக்கு மட்டும் தந்தை எங்கிருந்தோ ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார்; கடைச் சிப்பந்தியும் காணாதவர்போல் இருந்துவிட்டார்.

பேராலயத்துக்கு அருகே நிற்கும் பல மாடிப் பெருங்கடை, 'லா ரினஷேந்தே'. இதன் வரலாறு தனியே பேசத்தக்கது. பொக்கோனி என்னும் குடும்பத்துச் சகோதரர் இருவர் 1865ஆம் ஆண்டு மிலானிலே தைத்து முடித்த உடுப்புகளை விற்கும் கடையொன்றைத் தொடங்கினர். அதற்கு முன்னர் உடுப்பு வேண்டியவன் துணி வாங்கித் தையற்காரனிடம் அளவு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வசதியற்றவன் பிறர் உடுத்துக் கழித்ததை வாங்கவேண்டும். தைத்த உடுப்பு மலிவாக வந்தமையால் எழுதுவினைஞனும் புத்தாடை உடுத்தலானான். கடை வளர்ந்து பெருங்கடையாயிற்று. 1917ஆம் ஆண்டு பொர்லெத்தி என்னும் கைத்தொழிலதிபர் அதனை வாங்க, கவிஞர் தனுன்சியோ அதற்கு 'மறுபிறப்பு எய்துவது' என்று பொருள்படப் புதுப்பெயர் சூட்டினார். பெயர் வைத்த வேளையோ என்னவோ, புதுக்கடை திறந்த சில நாட்களிலே, 1918 டிசம்பரில், தீப்பற்றி எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். 1943ஆம் ஆண்டு குண்டுவீச்சில் மறுபடி அழிந்தது. 1950ஆம் ஆண்டு மறுபடி திறந்தார்கள்.

முதற்கடை வைத்த பெர்டினாண்டோ பொக்கோனியின் மகன் லுயிஜி, 1896ஆம் ஆண்டு மார்ச் மாதம் எத்தியோப்பியாவில் நடந்த அதுவாப் போர்க்களத்திலே காணாமற்போனான். பிறர் நாட்டைப் பிடிக்கச் சென்ற இத்தாலியப் படையை மெனிலெக் மன்னரின் சேனை தோற்கடித்த போர் அது. மகனை இழந்த தகப்பன் 1902ஆம் ஆண்டு வணிகக் கல்விக்கெனப் பல்கலைக்கழகமொன்றை நிறுவி, அதற்கு மகனின் பெயரை இட்டார். உடுப்பு விற்ற பணம் கல்வியாக மாறியது. மிலானின் வரலாற்றிலே இதனினும் உருக்கமான கணக்கு வேறில்லை எனலாம்.

இதே பெருங்கடையிலேதான் 1957ஆம் ஆண்டு, மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர் ஒருவர் கண்ணாடி யன்னல்களிற் பொருள்களை அழகுற அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அவரே ஜோர்ஜோ அர்மானி. 1975ஆம் ஆண்டு தம் பெயரில் நிறுவனம் தொடங்கி, உலகப் புகழ் எய்தி, 2025ஆம் ஆண்டு தமது தொண்ணூற்றொன்றாம் வயதிலே மிலானிற் காலமானார்.

மகள் மேலங்கிப் பகுதிக்குச் சென்றாள். அழகானதொன்று, மலிவு விற்பனைச் சீட்டில் நூற்றுக்கு நாற்பது கழித்திருந்தது. கழித்த பின்னரும் 480 யூரோ. தாய் ஒன்றும் பேசாமல் சீட்டைத் திருப்பி வைத்தார். மகளும் பேசவில்லை. அம்மம்மா மட்டும் அதன் உட்புறத்தைத் திருப்பித் தையலை விரலாற் தடவிப் பார்த்து, நல்ல வேலை என்று ஒத்துக்கொண்டார்.

மத்தியான உணவு கடைக்குப் பின்னாலுள்ள சாந்த ராதகொந்தா வீதியில். தென்னித்தாலியப் புலியாப் பிரதேசத்திலிருந்து 1949ஆம் ஆண்டு மிலானுக்கு வந்த லுயினி குடும்பத்தார் விற்கும் 'பன்சரொத்தி' இங்கே வாங்கலாம். பாற்கட்டியும் தக்காளியும் வைத்து மடித்து எண்ணெயிற் பொரித்த மாப்பண்டம் அது. நம்மவர் றோல்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லிவிடலாம். வரிசையில் நின்று வாங்கி, தெருவிலே நின்று உண்பதே முறை. ஐந்து பேரும் வயிறார உண்டும் தாயின் கைப்பை பெரிதாக இளைக்கவில்லை.

அடுத்து மொந்தே நெப்போலியோனே வீதி. நெப்போலியன் காலத்திலே அரசாங்கக் கடனை நிருவகித்த நிலையமொன்று இங்கிருந்தமையால் வந்த பெயர் அது. கடன் நிலையத்தால் பெயர்பெற்ற வீதியிலே இன்று கடனின்றி நுழையக்கூடியவர் சிலரே. 2024ஆம் ஆண்டு வெளியான சர்வதேச மதிப்பீடொன்றில், கடைவாடகை உலகிலேயே மிகக்கூடிய வீதியாக இது முதலிடம் பெற்றது. சதுர மீற்றர் ஒன்றுக்கு ஆண்டு வாடகை 20,000 யூரோ. வீதி குறுகலானது, ஆரவாரம் இல்லை. கறுப்புடை அணிந்த வாயிற்காவலர் கடைதோறும் நிற்கின்றனர். மகள் தேடிவந்த கைப்பை இங்கே ஒரு யன்னலில், விளக்கொளியிலே, தனியே வீற்றிருந்தது. விலைச்சீட்டு மிகச் சிறிய எழுத்தில் இருந்தமையாற் பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உரக்க வாசித்தான். தாயின் மாதச் சம்பளத்திலும் அதிகம்.

இவ்விடத்தில் அண்மைக்காலச் செய்தியொன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. 2024ஆம் ஆண்டிலே மிலான் நீதிமன்றம், புகழ்பெற்ற நவநாகரிக நிறுவனங்கள் சிலவற்றின் உற்பத்திப் பிரிவுகளை ஓராண்டுக் காலத்துக்கு நீதிமன்ற நிருவாகத்தின்கீழ் வைத்தது. அந்நிறுவனங்கள் கொடுத்த வேலை, கைமாறிக் கைமாறி, மிலானின் சுற்றுப்புறச் சிறு பட்டறைகளைச் சென்றடைந்திருந்தது. அங்கே குடிபெயர்ந்து வந்த தொழிலாளர், பெரும்பாலும் சீனர், இரவும் பகலும் உழைத்துப் பட்டறையிலேயே படுத்துறங்கினர். வேலை விரைவதற்காக இயந்திரங்களின் பாதுகாப்புச் சாதனங்கள் அகற்றப்பட்டிருந்தன. தோல் முதலிய மூலப்பொருள்களின் விலை நீங்கலாக, ஒரு கைப்பையைச் செய்து கொடுப்பதற்குப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ; கடையில் அதன் விலை 2,600 யூரோ என்பது வழக்குப் பத்திரங்களில் வெளிவந்த கணக்கு. நிறுவனங்கள்மீது கூறப்பட்ட குறை, மேற்பார்வை செய்யத் தவறியமை. பின்னர் அவை திருத்த நடவடிக்கைகள் எடுத்ததனால் சில காலக்கெடுவுக்கு முன்னரே விடுவிக்கப்பட்டன. செய்தி வந்தபோது அம்மம்மா அதனைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தார். யன்னலின் முன்னே நின்ற பேத்திக்கு அன்று அவர் அதனை எடுத்துச் சொல்லவில்லை. "எத்தனை பேர் கை பட்டிருக்கும், பிள்ளை" என்று மாத்திரம் சொன்னார்.

வீதி முனையிலே தரையில் துணி விரித்து ஒருவன் கைப்பைகள் விற்றுக்கொண்டிருந்தான். அதே வடிவம், அதே முத்திரை, விலை 40 யூரோ. மகளின் நடை தளர்ந்தது. தந்தை அவள் தோளில் கைவைத்து நடத்திக்கொண்டு போனார். இத்தாலியச் சட்டப்படி போலிப் பொருளை விற்பவன் மட்டுமன்றி வாங்குபவரும் குற்றப்பணம் கட்டவேண்டும். அத்தொகை 7,000 யூரோ வரை செல்லலாம். வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகள் பலர் இதனை அறியாமல் அகப்பட்டுக்கொள்கின்றனர். மகளின் கண் கலங்கியிருந்தது. போலி வாங்க நினைத்தது பிடிபட்ட வெட்கமோ, உண்மை வாங்க முடியாத ஏக்கமோ, அவளுக்கே தெரியாது.

மூன்றேகால் மணிக்கு ஒரு தவணை இருந்தது. சாந்தா மரியா தெலே கிராற்சியே மடத்தின் போசனசாலையிலே லெயொனார்தோ தா வின்சி தீட்டிய 'இறுதி இராவுணவு' ஓவியத்தைக் காண்பதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே பதிவு செய்தல் வேண்டும். ஒருதடவை சிறு தொகையினர் மட்டுமே உள்ளே விடப்படுவர். அவர்களுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். நேரந் தவறியவர்க்குக் கதவு திறவாது. தாய் இச்சீட்டுக்காக எத்தனையோ இரவு விழித்திருந்தவர். கடைவீதியில் நின்று நின்று பொழுது போய்விட்டதை அவர் திடீரென உணர, ஐவரும் ட்றாம் தரிப்புக்கு ஓடினர். மிலானில் 1928ஆம் ஆண்டு தொடக்கம் ஓடிவரும் மரவாங்கு போட்ட ட்றாம் வண்டிகள் இன்னும் சேவையில் உண்டு. அவற்றிலொன்று எதிரே ஆடி அசைந்து வந்ததைக் கண்டு பையன் நிற்க, அவனை இழுத்துக்கொண்டு ஏறவேண்டியதாயிற்று. மடத்தின் வாயிலை அடைந்தபோது சிப்பந்தி கடைசிப் பெயரை அழைத்துக்கொண்டிருந்தார்.

ஓவியம் ஏறக்குறைய 1495ஆம் ஆண்டு முதல் 1498ஆம் ஆண்டு வரை தீட்டப்பட்டது. அகலம் கிட்டத்தட்ட ஒன்பது மீற்றர். ஈரச் சாந்தின்மேல் விரைந்து தீட்டுவது அக்கால வழக்கம். லெயொனார்தோவுக்கு விரைவு ஒவ்வாது. விடியுமுன் வந்து உணவும் மறந்து மாலைவரை தீட்டும் நாளும் உண்டு. வந்து, பார்த்து, இரண்டொரு கீற்று இட்டுவிட்டுப் போய்விடும் நாளும் உண்டு என்று, அதனைக் கண்ணாற் கண்ட பந்தெல்லோ என்பவர் எழுதிவைத்திருக்கிறார். ஆறுதலாகத் தீட்டும் பொருட்டு உலர்ந்த சுவரிலே வேறு முறையால் வண்ணம் பூசினார். அதன் பயனாக ஓவியம் சில பத்தாண்டுகளிலேயே உதிரத் தொடங்கியது. 1652ஆம் ஆண்டு துறவிகள் அச்சுவரிலே கதவு வெட்டியபோது இயேசுநாதரின் பாதங்கள் அழிந்தன. நெப்போலியனின் படைவீரர் அச்சாலையைக் குதிரை லாயமாக்கினர். 1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதக் குண்டுவீச்சில் சாலையின் கூரையும் ஒருபக்கச் சுவரும் இடிந்து வீழ்ந்தன. மணல்மூட்டைகள் அடுக்கிக் காக்கப்பட்ட ஓவியச் சுவர் மட்டும் நின்றது. 1978 முதல் 1999 வரை, இருபது ஆண்டுக்கு மேலாக, பினின் பிரம்பிலா என்னும் அம்மையார் தலைமையில் அங்குலம் அங்குலமாக அதனைத் துப்புரவு செய்தனர்.

உள்ளே பேச்சொலி இல்லை. "உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்" என்று சொல்லப்பட்ட கணத்திலே பன்னிருவரும் பதறும் பதற்றம் சுவர் முழுதும் ஓடுகிறது. நடுவில் இருப்பவர் மட்டும் அமைதியாக இருக்கிறார். யூதாசின் கையில் ஒரு பணப்பை. மகள் அதனையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினைந்து நிமிடம் முடிந்ததும் மறுபக்கக் கதவு தானே திறந்தது.

மாலையில் மேலங்கிக் காரியம் மீண்டும் எழுந்தது. அங்கிருந்து சிறிது தூரத்திலே பாப்பினியானோ சாலை. அங்கே செவ்வாயும் சனியும் தெருச்சந்தை கூடும். சாலையின் நடுவே இருமருங்கும் படங்குகள். ஒருபுறம் பாற்கட்டியும் தோடம்பழமும் மீனும். மறுபுறம் உடுப்பும் சப்பாத்தும். மிலானின் எசமானியரும் அவர்கள் வீட்டுப் பணிப்பெண்களும் ஒரே குவியலைக் கிளறும் இடம் இது. சென்ற ஆண்டு விற்றுத் தீராத நல்ல பொருள்கள் இங்கே வருவதுண்டு. பழுதும் கலந்தே வரும். கண் வேண்டும். அன்று அந்தக் கண் அம்மம்மாவுடையது. முப்பது மேலங்கி தள்ளி முப்பத்தோராவதைப் பிடித்தார். கருநீலக் கம்பளி. உள்ளே கையை விட்டுத் தோள்மூட்டைப் பார்த்தார். விளிம்பை மடித்து நூலை எண்ணினார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். பொத்தான் நான்கும் தளர்ந்திருப்பதைச் சொல்லி, 85 யூரோ என்றதை 70 ஆக்கினார். மகள் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி இல்லை, கடைக்காரி ஒரு சிறு கண்ணாடியைத் தூரத்தே உயர்த்திப் பிடித்தாள். முதலில் தயங்கிய முகம் பிறகு தெளிந்தது. பையனுக்குச் சப்பாத்து 35 யூரோ.

திரும்பும் சுரங்கப் புகையிரதத்திலே தமிழும் சிங்களமும் காதில் விழுந்தால் நேயர்கள் வியப்படைய வேண்டாம். இலங்கையர் ஆயிரக்கணக்கில் மிலானில் வாழ்கின்றனர். சிலாபம், நீர்கொழும்புக் கரையோரத்தவர் பலர்; வென்னப்புவைக்கு அங்கு சென்று மீண்டவர்களால் 'சின்ன இத்தாலி' என்ற பெயரே வழங்குகிறது. மிலானின் முதியோரைக் குளிப்பாட்டி உணவூட்டுவதும், வீடு துடைப்பதும், உயர்ந்த உடைகளைச் சுருக்கம் நீக்கி மடித்து வைப்பதும் இவர்கள் கைதான். மொந்தே நெப்போலியோனே வீதியின் மேலங்கிகளை இவர்கள் அறிவர், சலவை செய்யும் அளவிலே. அன்று எதிர் ஆசனத்தில் இருந்த இலங்கைப் பெண்ணொருத்தி, களைத்திருந்த அம்மம்மாவுக்கு எழுந்து இடம் கொடுத்தாள்.

பேர்கமோப் புகையிரதம் புறப்படும்போது இருட்டிவிட்டது. பையன் புதுச் சப்பாத்துப் பெட்டியை அணைத்தபடி உறங்கிப்போனான். தந்தை செலவை எழுதிக் கூட்டினார். சீட்டுகளும் சாப்பாடும் போக, தாயின் கைப்பையில் இன்னும் சில நோட்டுகள் மீதி. அம்மம்மா தம் பையிலிருந்து சிறு தகரப்பெட்டியொன்றை எடுத்தார். உள்ளே ஊசி, நூற்கட்டை, விரற்கவசம். மேலங்கியை மடியில் விரித்து, தளர்ந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தைக்கலானார். வண்டி ஆடும்போதெல்லாம் நிறுத்தி, நின்றதும் தொடர்ந்தார். மூன்றாவது பொத்தானில் கண் மறைத்தது. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும்படி பேத்தியிடம் நீட்ட, அவள் கோத்துவிட்டு ஊசியைத் திருப்பிக் கொடுக்காமல், எங்கே குத்தவேண்டும் என்று கேட்டாள். திரெவிலியோ நிலையம் வருமுன் நான்காவது பொத்தானும் உறுதியாயிற்று.